எய்தவனும் குற்றவாளி, அம்பும் குற்றவாளி

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந்தேதி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெண்கள் சிறையில் இருந்து ஒரு மூதாட்டி விடுதலை ஆனார். வயது 73. கைதானபோது அவருக்கு வயது 20. வாழ்க்கையில் 53 ஆண்டுகள் சிறையிலேயே போய்விட்டன.

அவர் பெயர் லெஸ்லி வான் ஹூட்டன். உலகையே உலுக்கிய சார்லஸ் மேன்சன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர். விடுதலைச் செய்தி வந்ததும் அமெரிக்காவில் பழைய சர்ச்சை மீண்டும் கிளம்பியது. "சொன்னவன் மேன்சன். செய்தவள் அறியாப் பெண். 53 ஆண்டு போதாதா?" என்று ஒரு சாரார் கேட்டார்கள். "செத்தவர்களுக்கு விடுதலை உண்டா?" என்று மறு சாரார் கேட்டார்கள்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம் பழமொழி. மேன்சன் வழக்கு இந்தப் பழமொழியைக் கோர்ட்டிலேயே சோதித்துப் பார்த்த வழக்கு. எய்தவனைத் தண்டிக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அம்பை மன்னிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு 1971-ம் ஆண்டே விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி அரை நூற்றாண்டாக இழுபறியில் இருந்தது.

இரண்டு இரவுகள்

1969-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி நள்ளிரவு கடந்த நேரம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மலைச்சரிவில், சியலோ டிரைவ் என்ற தெருவில் ஒரு தனி வீடு. அதில் சினிமா நடிகை ஷரான் டேட் குடியிருந்தார். வயது 26. எட்டரை மாத கர்ப்பிணி. கணவர் டைரக்டர் ரோமன் போலன்ஸ்கி ஐரோப்பாவில் இருந்தார். வீட்டில் மூன்று நண்பர்கள் துணைக்கு இருந்தார்கள்.

ஒரு வாலிபனும் மூன்று பெண்களும் அங்கே வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் வெளியே காவலுக்கு நின்றார். மற்ற மூவரும் உள்ளே போனார்கள். விடிந்தபோது ஐந்து பிணங்கள் கிடந்தன. வீட்டு வளாகத்தைக் கவனித்துக்கொண்ட வாலிபனைப் பார்க்க வந்து, காரில் திரும்பிக்கொண்டு இருந்த 18 வயதுப் பையனும் அந்த ஐந்து பேரில் ஒருவன். வாசல் கதவில் ரத்தத்தால் "பன்றி" என்று ஆங்கிலத்தில் எழுதி இருந்தது.

மறுநாள் இரவு, நகரின் இன்னொரு பகுதியில் மளிகைக் கடைகள் நடத்தி வந்த லாபியாங்கா என்பவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். அங்கும் சுவரில் ரத்த எழுத்துகள். முதல் வீட்டாருக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

முதல் நாள் இரவு மேன்சன் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. "டெக்ஸ் வாட்சனோடு போங்கள், அவன் சொல்வதைச் செய்யுங்கள்" என்று பெண்களை அனுப்பிவிட்டு இருப்பிடத்திலேயே இருந்துகொண்டான். இரண்டாம் இரவு கூடவே போனான். வீட்டுக்குள் நுழைந்து தம்பதியைக் கட்டிப் போட்டான். பிறகு வெளியே வந்து, வாட்சனையும் இரண்டு பெண்களையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். அந்த இரண்டு பெண்களில் ஒருவர்தான் லெஸ்லி வான் ஹூட்டன். அந்த வீட்டு அம்மாளைத் தானும் பல முறை குத்தியதாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

சிறையில் வளர்ந்தவன்

சார்லஸ் மேன்சன் 1934-ம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவன். அப்போது தாய்க்கு வயது 16. தந்தை கூட இல்லை. மேன்சன் சிறுவனாக இருந்தபோதே தாய் வழிப்பறி வழக்கில் சிறைக்குப் போனாள். அவன் உறவினர் வீடு, அநாதை விடுதி, சீர்திருத்தப் பள்ளி என்று மாறி மாறி வளர்ந்தான். கார் திருட்டு, செக் மோசடி என்று பல வழக்குகள். 1967-ம் ஆண்டு மார்ச்சு 21-ந்தேதி அவன் சிறையில் இருந்து வெளியே வந்தபோது வயது 32. அதில் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் காவலில் கழிந்தவை. "என்னை வெளியே அனுப்ப வேண்டாம்" என்று அவன் அதிகாரிகளிடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

சிறையில் அவன் இரண்டு வித்தைகளைக் கற்றிருந்தான். ஒன்று கிதார் வாசிப்பு. மற்றொன்று, எதிரே இருப்பவனின் பலவீனம் எது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வது.

அவன் நேராகச் சான்பிரான்சிஸ்கோ நகருக்குப் போனான். அந்த 1967 கோடை காலத்தில் வீட்டை விட்டு வந்த இளைஞர்களும் பெண்களும் அந்த நகரில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தார்கள். வியட்நாம் யுத்தத்தின் மீது வெறுப்பு, பெற்றோர் மீது கோபம், கையில் காசு இல்லை, தங்க இடம் இல்லை, போதை மருந்து மட்டும் தாராளம். அந்தக் கூட்டத்தில்தான் மேன்சன் தன் சீடர்களைப் பொறுக்கி எடுத்தான்.

கடைசிச் சம்பளத்தை வாங்காமல்

மேன்சனிடம் சிக்கியவர்கள் பிறவிக் கொலைகாரர்கள் அல்ல. இதுதான் இந்த வழக்கின் பயங்கரமே.

முதல் சீடராகச் சேர்ந்த பெண், பெர்க்லி பல்கலைக்கழக நூல் நிலையத்தில் வேலை பார்த்தவர். டெக்ஸ் வாட்சன் டெக்சாஸ் மாநிலத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டிலும் படிப்பிலும் பெயர் வாங்கியவன். லெஸ்லி வான் ஹூட்டன் நடுத்தரக் குடும்பத்துப் பெண். உயர்நிலைப் பள்ளி விழாவில் "இளவரசி"யாகத் தேர்ந்து எடுக்கப்பட்டவர். அவருக்கு 14 வயது ஆனபோது பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள்.

பட்ரீசியா கிரென்விங்கல் ஓர் இன்சூரன்சு கம்பெனியில் குமாஸ்தா. தன் தோற்றத்தைப் பற்றித் தாழ்வு மனப்பான்மை கொண்டவர். 1967-ம் ஆண்டு மேன்சனைச் சந்தித்தார். "நீ அழகி" என்று அவன் சொன்னான். சில நாட்களில் வீட்டையும் காரையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் பின்னால் போய்விட்டார். கம்பெனியில் பாக்கி இருந்த கடைசிச் சம்பளத்தைக்கூட வாங்கவில்லை.

ஓர் அன்பு வார்த்தைக்கு ஏங்கி நின்றவர்களிடம் அந்த வார்த்தையைத்தான் மேன்சன் முதலில் கொடுத்தான். விலையைப் பிறகு வசூலித்தான்.

பிடி இறுகிய விதம்

1968-ம் ஆண்டு அந்தக் கூட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஸ்பான் பண்ணையில் குடியேறியது. ஒரு காலத்தில் கௌபாய் படங்கள் எடுத்த இடம். பண்ணைச் சொந்தக்காரர் 80 வயது முதியவர், கண் பார்வை மங்கியவர். அவருக்குப் பெண்கள் பணிவிடை செய்தார்கள். வாடகை இல்லாமல் இடம் கிடைத்தது. இந்தக் கூட்டத்துக்குப் பெயர் "குடும்பம்".

அங்கே கடிகாரம் கிடையாது. காலண்டர் கிடையாது. பத்திரிகை கிடையாது. வருகிறவர்களின் சொந்தப் பெயர் போய்விடும், மேன்சன் வைத்த பெயர்தான் நிலைக்கும். கையில் இருந்த பணம் பொதுவில் சேர்ந்துவிடும். பெற்ற குழந்தையைக்கூடத் தாய் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கடைகளின் பின்புறம் வீசி எறியும் காய்கறிகளைப் பொறுக்கி வந்து சமைத்தார்கள். இரவில் போதை மருந்து. மற்றவர்களைவிட மேன்சன் குறைவாகவே உட்கொள்வான். பிறகு உபதேசம் தொடங்கும். நன்மை, தீமை என்று எதுவும் இல்லை, சாவு என்று ஒன்றும் இல்லை என்பதே அந்த உபதேசத்தின் சாரம்.

குற்றத்துக்குப் பழக்கியதும் படிப்படியாகத்தான். ராத்திரியில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் சத்தம் இல்லாமல் நுழைய வேண்டும். தூங்குகிறவர்களை எழுப்பாமல் மேசை நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இது முதல் பாடம். பிறகு திருட்டு, கார் கடத்தல். 1969 ஜூலை மாதக் கடைசியில் பணத்துக்காக ஓர் இசை ஆசிரியர் கொல்லப்பட்டார். அந்தச் சம்பவத்தில் மேன்சனே நேரில் போய் வாளால் அவர் காதை வெட்டினான். உயிரைப் போக்கும் வேலையை அங்கும் சீடன் ஒருவனிடமே விட்டான்.

ஒரே நாளில் யாரும் கத்தியைத் தூக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் "இது சின்ன விஷயம்தானே" என்று தோன்றும்படி செய்ததில்தான் மேன்சனின் சாமர்த்தியம் இருந்தது.

எதற்காகக் கொன்றார்கள்?

பாட்டுக்காரனாகப் புகழ் பெற வேண்டும் என்பது மேன்சனின் ஆசை. பீச் பாய்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த டென்னிஸ் வில்சன் அவனோடு பழகினார். அவன் எழுதிய ஒரு பாட்டை அந்தக் கோஷ்டி வரிகளை மாற்றித் தங்கள் பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. டெர்ரி மெல்ச்சர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் அவன் பாட்டைக் கேட்டுவிட்டு வாய்ப்புத் தரவில்லை. அந்த மெல்ச்சர் முன்பு குடியிருந்த வீடுதான் ஷரான் டேட் கொலையுண்ட வீடு.

சர்க்கார் தரப்பு வக்கீல் வின்சென்ட் புக்லியோசி கோர்ட்டில் சொன்ன காரணம் வேறு. பீட்டில்ஸ் கோஷ்டியின் 1968-ம் ஆண்டு இசைத்தட்டில் தனக்கு ரகசியச் செய்தி இருப்பதாக மேன்சன் சொல்லி வந்தான். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பெரும் போர் மூளும், கறுப்பர்கள் ஜெயிப்பார்கள், ஆனால் ஆளத் தெரியாமல் தவிப்பார்கள், அப்போது பாலைவனப் பாதாளத்தில் ஒளிந்திருக்கும் நாம் வெளியே வந்து ஆட்சியைப் பிடிப்போம் என்பது அவனுடைய ஜோசியம். போர் தானாக வராததால், பழி கறுப்பர்கள் மீது விழும்படி கொலைகளைச் செய்து அதை மூட்ட நினைத்தான் என்றார் புக்லியோசி.

இசை ஆசிரியர் கொலையில் பிடிபட்ட கூட்டாளியைத் தப்புவிக்க, அதே பாணியில் வேறு கொலைகளைச் செய்தார்கள் என்று சீடர்கள் சிலர் பின்னால் கூறினார்கள். காரணம் எதுவானாலும் ஒன்று தெளிவு. செத்தவர்கள் யார் என்பது கொன்றவர்களுக்கே தெரியாது. கேட்கவும் இல்லை.

கோட்டை விட்ட போலீஸ்

சீடர்கள் மதி இழந்து நின்றது ஒருபுறம் இருக்கட்டும். மதியோடு இருக்க வேண்டிய போலீஸ் இலாகாவும் தடுமாறியது.

இசை ஆசிரியர் கொலையிலும் சுவரில் ரத்த எழுத்து இருந்தது. அதை விசாரித்தவர்கள் மாவட்ட ஷெரீப் இலாகாவினர். அவர்கள் நகரப் போலீசாரிடம் இந்த ஒற்றுமையைச் சொன்னார்கள். நகரப் போலீசார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேட் கொலை போதை மருந்துத் தகராறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். லாபியாங்கா கொலையைத் தனிக் கோஷ்டி விசாரித்தது.

ஆகஸ்டு 16-ந்தேதி ஸ்பான் பண்ணையில் கார் திருட்டுக்காகச் சோதனை நடந்தது. மேன்சன் உள்பட 26 பேர் கைதானார்கள். வாரண்டில் தேதி தவறு என்பதால் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அந்த மாத முடிவுக்குள் பண்ணைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார்.

செப்டம்பர் 1-ந்தேதி பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுப் பின்புறம் கிடந்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்தான். டேட் வீட்டில் சுட்ட துப்பாக்கி அதுதான். டிசம்பரில் பையனின் தந்தை பத்திரிகையைப் படித்துவிட்டுப் போன் செய்யும் வரை அது ஸ்டேஷன் அலமாரியிலேயே தூங்கியது. ரத்தக்கறை படிந்த துணிகளைக் கண்டுபிடித்தவர்கள் டெலிவிஷன் நிருபர்கள்.

அக்டோபர் மாதம் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்தில் மேன்சன் பிடிபட்டான். குளியல் அறைத் தொட்டியின் கீழ் இருந்த சிறு அலமாரிக்குள் சுருண்டு கிடந்தான். அப்போதும் கார் திருட்டு வழக்குதான். சூசன் அட்கின்ஸ் என்ற சீடர் சிறையில் உடன் இருந்த பெண்களிடம் கொலைகளைப் பெருமையாகச் சொன்ன பிறகே உண்மை வெளிவந்தது.

கோர்ட்டில் வென்ற வாதம்

விசாரணை 1970 ஜூன் மாதம் தொடங்கியது. ஜூரிகள் 225 நாட்கள் வீட்டுக்கே போகாமல் காவலில் வைக்கப்பட்டார்கள். மேன்சன் தன் நெற்றியில் பெருக்கல் குறியைக் கீறிக்கொண்டு வந்தான். பெண்களும் அப்படியே கீறிக்கொண்டார்கள். வெளியே தெரு முனையில் மற்ற சீடப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் மேன்சன் கையில் பென்சிலோடு நீதிபதி மீது பாய்ந்தான். ஜனாதிபதி நிக்சன் "மேன்சன் குற்றவாளி" என்று வாய் தவறிப் பேசி, வழக்கே கலைந்து போகும் நிலை வந்தது. நீதிபதி வழக்கைக் கலைக்க மறுத்தார்.

சர்க்கார் தரப்புக்கு இருந்த சிக்கல் இது: டேட் வீட்டுக்கே போகாதவனை எப்படிக் கொலைகாரன் என்பது? குற்றச் சதி என்ற சட்டப் பிரிவு கைகொடுத்தது. ஒரு குற்றத்தைச் செய்யப் பலர் கூடித் திட்டமிட்டால், அதை நிறைவேற்ற ஒருவர் செய்யும் காரியம் எல்லோரையும் சேரும். ஏவியவன் தூரத்தில் இருந்தாலும் தப்ப முடியாது. நம் நாட்டிலும் இந்தச் சட்டம் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 120-பி பிரிவாக இருந்தது. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 61-வது பிரிவாக இருக்கிறது.

மேன்சன் ஜூரிகள் இல்லாத நேரத்தில் நீண்ட நேரம் பேசினான். இந்தப் பிள்ளைகள் நீங்கள் பெற்றவர்கள், நீங்கள் வேண்டாம் என்று தள்ளியவர்கள், நான் ஒன்றும் கற்றுத் தரவில்லை என்றான். தள்ளப்பட்டவர்கள் என்பதில் பாதி உண்மை உண்டு. கற்றுத் தரவில்லை என்பது முழுப் பொய்.

தவறான கதவைத் தட்டிய பெண்

வழக்கின் முக்கிய சாட்சி லிண்டா கசாபியன். முதல் இரவு டேட் வீட்டின் வெளியே காவலுக்கு நின்ற பெண். 20 வயது. கைக்குழந்தைக்காரி. சாட்சி சொல்வதற்காக அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

இரண்டாம் இரவில், லாபியாங்கா வீட்டில் ஒரு கோஷ்டியை விட்ட பிறகு, இன்னொரு கொலைக்கும் மேன்சன் உத்தரவிட்டான். கசாபியனுக்கு அறிமுகமான ஒரு நடிகர் கடற்கரைப் பகுதியில் குடியிருந்தார். அவர் வீட்டைக் காட்டிக் கதவைத் தட்ட வேண்டியது கசாபியனின் வேலை. அவர் வேண்டும் என்றே வேறு வீட்டுக் கதவைத் தட்டினார். முன்பின் தெரியாத ஆள் வந்து கதவைத் திறந்தான். "தவறி வந்துவிட்டோம்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள். ஓர் உயிர் பிழைத்தது.

இந்த வழக்கிலேயே யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கசாபியனும் அதே பண்ணையில் இருந்தவர். அதே மருந்து, அதே உபதேசம். ஆனால் கை கதவுக்கு நேரே போனபோது "முடியாது" என்று உள்ளுக்குள் சொல்ல அவரால் முடிந்தது. அப்படியானால் மற்றவர்களாலும் முடிந்திருக்கும். மரத்தால் ஆன அம்புக்குப் பாதை மாறத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். பழமொழி இந்த வழக்கில் பொருந்தாமல் போனது அதனால்தான்.

53 ஆண்டுக் கணக்கு

1971 ஜனவரி 25-ந்தேதி மேன்சனும் மூன்று பெண்களும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். வாட்சன் தனி வழக்கில் தண்டிக்கப்பட்டான். ஐவருக்கும் மரண தண்டனை. ஆனால் 1972-ம் ஆண்டு கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு மரண தண்டனையே செல்லாது என்று கூறியதால், அவை ஆயுள் தண்டனையாக மாறின. பரோல் கேட்கும் உரிமையும் வந்தது.

லெஸ்லி வான் ஹூட்டனின் முதல் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணை நடந்து, 1978-ல் மீண்டும் தண்டனை விழுந்தது. 1982-ல் அவருக்குப் பரோல் தரக் கூடாது என்று ஷரான் டேட்டின் தாயார் சுமார் 3½ லட்சம் கையெழுத்துகள் திரட்டினார். கொலையுண்டவரின் குடும்பத்தார் பரோல் விசாரணையில் பேசும் உரிமைக்காகவும் அந்தத் தாய் பாடுபட்டார். வான் ஹூட்டன் சிறையிலேயே படித்துப் பட்டம் பெற்றார். 2016 முதல் ஐந்து முறை பரோல் போர்டு விடுதலைக்குச் சிபாரிசு செய்தது. ஐந்து முறையும் கவர்னர்கள் மறுத்தார்கள். 2023 மே மாதம் அப்பீல் கோர்ட்டு தலையிட்ட பிறகே கதவு திறந்தது.

மற்றவர்களின் கதை வேறு. சூசன் அட்கின்ஸ் 2009-ல் சிறைவாசத்திலேயே புற்று நோயால் இறந்தார். மேன்சன் 2017 நவம்பரில் 83-வது வயதில் கைதியாகவே செத்தான். இன்சூரன்சு கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்த கிரென்விங்கலுக்கு 2022-ல் போர்டு சிபாரிசு செய்ததைக் கவர்னர் ரத்து செய்தார்.

வான் ஹூட்டனை விட்டது சரியா? குற்றம் செய்தபோது 19 வயது. வெளியே வந்தபோது 73. இந்தக் கணக்கில் தண்டனை போதும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் "அவன் சொன்னான், நான் செய்தேன்" என்ற காரணத்துக்காக விட்டிருந்தால் அது நியாயம் ஆகாது. பரோல் விசாரணைகளில் அவர் தன் குற்றத்துக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகே வழி பிறந்தது. சட்டம் அம்பை மன்னிக்கவில்லை. "நான் அம்பு அல்ல, மனுஷி" என்று ஒப்புக்கொண்டவருக்கு, நீண்ட காலம் கழித்து, வாசலைத் திறந்துவிட்டது.

எங்கே விழித்துக்கொள்வது?

மேன்சன் போன்றவர்கள் ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ சொந்தம் அல்ல. வீட்டை விட்டுத் தள்ளி, பெரிய நகரத்தில், பேச ஆள் இல்லாமல் இருப்பவர்கள் எங்கே உண்டோ அங்கே அவர்களுக்கு வேலை உண்டு. அவர்கள் வரும்போது கத்தியோடு வருவது இல்லை. ஆறுதலோடு வருகிறார்கள்.

அடையாளம் கண்டுகொள்ளச் சில குறிகள் உண்டு. ஊருக்குக் கடிதம் போடாதே, போன் பேசாதே என்பவன். சம்பளத்தைத் தன்னிடம் கொடு என்பவன். பத்திரிகை படிக்காதே, கேள்வி கேட்காதே என்பவன். சின்னத் தப்பு ஒன்றைச் செய்யச் சொல்லி விசுவாசத்தைச் சோதிப்பவன். இவற்றில் முதல் குறி தெரியும்போதே விலகுவது எளிது. கடைசிப் படியில், இருட்டில், கதவின் முன்னே நிற்கும்போது விலகுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். மேன்சனின் கூட்டத்தில் அந்த இரவு அந்தத் துணிவு ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இருந்தது.